அண்ணன் காலி செய்யும் குவார்ட்டர்ஸில் ஒரு சாட்சி

காலை எட்டேகாலுக்குப் பண்ருட்டியில் நெய்வேலி பஸ் ஏறினேன். முத்தாண்டிக்குப்பம் வழி, டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். கையில் இருந்த பலாப்பழத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.

“அதுக்கும் டிக்கெட் போடட்டுங்களா? மடியில வச்சிக்கங்க,” என்றார் நடத்துநர். பஸ்ஸே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று அண்ணன் வீட்டில் நன்றி ஆராதனை. நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக்காக இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார்; ஒரு வாரத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பா அம்மா இல்லாத நான் பத்தாவது வரை படித்தது அந்த வீட்டில் இருந்துதான்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் வீட்டார் ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். ஜெபித்தேன், கிடைத்தது என்று சொல்வார்கள். மூன்று வருடம் முன்பு என் மனைவி பிழைக்க வேண்டும் என்று ஜெபித்தேன். கிடைக்கவில்லை. அதன்பின் நான் சாட்சி சொன்னதில்லை. இன்று பொய்யும் சொல்லக் கூடாது, வாய் திறக்காமல் அண்ணனைத் தலைகுனிய வைக்கவும் கூடாது. வழி முழுக்க இதே யோசனை.

ஒன்பதரைக்கு டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட்டில் இறங்கினேன். ஆட்டோ எண்பது ரூபாய். மரங்கள் மூடிய அதே நேர் சாலைகள். ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் அண்ணனின் டிபன் கேரியரோடு நான் சைக்கிளில் காத்திருந்த மரமும் இருந்தது.

வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகிவிட்டது. அண்ணனின் நீள ஸ்க்ரூடிரைவர் மட்டும் ஆணியில் தொங்கியது. அதன் முனையை ஓடும் மெஷினின் பேரிங் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எது சீக்கிரம் பழுதாகும் என்று சொல்லிவிடுவார்.

“அந்த வித்தையை ஆபீஸ்ல எழுதிக் குடுக்கச் சொன்னாங்களாமே, அண்ணே?”

“மூணு வரி எழுதினேன்டா. சத்தம் மாறும்னு. எப்டி மாறும்னு கேக்குறானுங்க. அத நான் இன்னான்னு சொல்றது?”

“இத்தினி வருஷமா நான் கூப்புடறது மட்டும் அந்தக் காதுல ஏறுனதில்ல,” என்றார் அண்ணி.

“தப்பாப் போனதே இல்லையாண்ணே?”

“ஏன் இல்ல? ஒரு வாட்டி அதிர்வு பாக்குற மீட்டர் நல்லாருக்குதுன்னு காட்டுது. நான் இல்லன்னு அடம்புடிச்சு பெல்ட்ட நிறுத்த வச்சேன். பிரிச்சா, பேரிங் புதுசாட்டம் இருக்குது! ‘டாக்டரே, என் நெஞ்சுல வச்சுப் பாரு’ன்னு கேன்டீன்ல ஒரு மாசம் ஓட்டிகினு இருந்தானுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? மறுநாளு ஷிப்டுக்குப் போனேன். காத வச்சேன்.”

பதினொரு மணிக்கு ஆராதனை. போதகர் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

“அவ பிழைக்கணும்னு ஜெபிச்சேன். பிழைக்கல. அடக்கம் பண்ண மறுநாள் காலையிலயும் ஜெபிக்க முழங்கால் போட்டேன். இன்னைக்கும் போட்டுட்டுத்தான் வந்தேன். ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

வழக்கமான ஆமென் வரவில்லை. சமையலறை வாசலில் இருந்து அண்ணி மட்டும், “ஸ்தோத்திரம்,” என்றார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு அண்ணனே வண்டியில் ஆர்ச் கேட் வரை கொண்டுவந்து விட்டார். இனி இங்கே இறங்க எனக்கு ஒரு வீடு இல்லை. பஸ் வந்து நின்றதும் அண்ணன் தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டார்.

“பின்னால ஏதோ முனகுது. பரவால்ல, ஏறு. பண்ருட்டி போயிடும்.”

காதைத் தீட்டிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தேன். பண்ருட்டி வரை அந்த முனகல் எனக்குக் கேட்கவே இல்லை. பயமாகவும் இல்லை.