படகில் சுவேலே கேட்ட எம்.பி.

வெள்ளிக்கிழமை பிற்பகல். ஹெல்வோக் துறையில் வண்டிகளை ஏற்றிச்செல்லும் படகுக்காகக் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. குன்வோர் ஸ்குல்ஸ்டாட் தன் காரை விட்டு இறங்கி, வரிசையின் தலையிலிருந்து வால் வரை நடக்கிறார். ஒவ்வொரு கண்ணாடியையும் விரல் முட்டியால் தட்டுகிறார். கண்ணாடி இறங்கியதும் மழையில் நனைந்த தலையை உள்ளே நுழைத்து, "சொல்லு, என்ன குறை?" என்கிறார்.

தொகுதி மக்களைச் சந்திக்க அவருக்கு ஒரு அலுவலகம் இருக்கிறது, நூலகத்தின் மேல்மாடியில். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கழிப்பறை எங்கே என்று கேட்டு வருகிறவர்கள். "வரிசைதான் எனக்கு வசதி. முன்னாடி ஒரு வண்டி, பின்னாடி ஒரு வண்டி, எதுத்தாப்புல கடல். எங்க ஓடுவான்?" என்பார். சிலர் அவர் வருவதைக் கண்டதும் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர்கள் கண்ணாடியைக் கொஞ்சம் பலமாகத் தட்டுவார்.

அரசியலுக்கு வருமுன் பால் லாரி ஓட்டிய பெண் அவர். பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி, இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. ஓஸ்லோவில் நாடாளுமன்ற ஒலிவாங்கியைக் கவனிக்கும் மனிதர், குன்வோர் எழுந்தாலே கைப்பிடியைக் கீழே திருப்பிவிடுவாராம். அவரால் முடியாத ஒரே காரியம் கிசுகிசுப்பது. கட்சிக் கூட்டத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அவர் ரகசியமாகச் சொல்வது தாழ்வாரத்தில் கோட்டு மாட்டிக்கொண்டிருப்பவருக்குக் கேட்கும்.

திங்கள் முதல் வியாழன் வரை தலைநகரில் ஒற்றை அறை வீடு. அங்கே அலமாரியில் அடுக்கியிருப்பது ரொட்டித் துண்டும் பழுப்புச் சீஸும் மட்டும். வெள்ளிக்கிழமை விமானம், பிறகு கார், பிறகு படகு, பிறகு வீடு. சுரங்கச் சாலைக்கு விளக்கு வாங்கித் தந்தது அவர்தான். மருத்துவமனையின் பிரசவப் பிரிவு வாரக்கடைசியிலும் திறந்திருப்பது அவர் போட்ட சண்டையால்தான். புகை கக்கிய பழைய படகுக்குப் பதிலாகச் சத்தமில்லாத மின்சாரப் படகு வந்ததும் அவரால்தான். திறப்பு விழாவில் நாடாவைக் கத்தரித்தவரும் அவரே. வினை அங்கேதான் தொடங்கியது.

புதிய படகில் சமையலறை இல்லை. பேட்டரிக்குச் சுமை கூடாது என்று கம்பெனி தோசைக்கல் போன்ற மின்சார இரும்புக் கல்லைக் கழற்றிவிட்டு, ஒரு தானியங்கியை நிறுத்தியது. காசு போட்டால் பிளாஸ்டிக் உறையில் ஒரு பன்னும் ஒரு கோப்பைக் காப்பியும் விழும். பழைய படகில், கரையை விட்டதும் சமையல்காரி ஆஸ்லாக் கல்லில் மாவை ஊற்றுவாள். ஊத்தப்பக் கனத்தில் உப்பி வரும் சுவேலேயில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவி, பாதியாய் மடித்துக் கையில் தருவாள். அக்கரை வருவதற்குள் தின்று முடித்து, விரலை நக்கிக்கொண்டே காரைக் கிளப்பிப் போவதுதான் மலையிடுக்கில் கடல் நுழைந்த இந்த ஃபியோர்டின் பழக்கம். இப்போது ஆஸ்லாக் மேசை துடைக்கிறாள். கோடை முடிந்ததும் அந்த வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் குன்வோர் எந்தக் கண்ணாடியைத் தட்டினாலும் ஒரே குறைதான் வெளியே வந்தது.

"சுவேலே எங்க?" என்றார் ஆட்டுப்பண்ணை தோர்கில்ஸ்.

"சுரங்கத்துல விளக்கு எப்படி எரியுது, பாத்தியா?"

"நல்லாத்தான் எரியுது. சுவேலே எங்க?"

"தோர்கில்ஸ், உன் பேத்தி சனிக்கிழமை பொறந்தா. ஆஸ்பத்திரி தொறந்திருந்துச்சா இல்லையா?"

"தொறந்திருந்துச்சு. மருமகளுக்கு வலி. நான் அவசரமாப் படகுல போறேன், பசிக்குது, அந்த மெஷின் என் காசை முழுங்கிட்டு ஒரு காலிக் கோப்பையத் துப்புது. இந்தப் படகைக் கொண்டு வந்தது நீதானே? தேர்தல் வரட்டும்."

குன்வோர் போன முறை நூலிழையில் ஜெயித்தவர். அன்று மீதி வரிசையைத் தட்டாமலே காருக்குத் திரும்பி, ஸ்டியரிங்மேல் தாளை வைத்து நாடாளுமன்றத்தில் கேட்க ஒரு கேள்வி எழுதினார்.

செவ்வாய்க்கிழமை கட்சியின் ஆலோசகர் ரன்டியிடம் தன் கேள்வியைக் காட்டினார். ரன்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"நாடு முழுக்க ஓய்வூதியத்தப் பத்திப் பேசிக்கிட்டிருக்கு. நீ போக்குவரத்து அமைச்சரக் கூப்பிட்டு வச்சு அப்பத்தப் பத்திக் கேக்கப் போறியா?"

"அப்பம் இல்ல. சுவேலே."

"சிரிப்பாங்க குன்வோர்."

"சிரிக்கட்டும். எங்க ஊர்ல யாரும் சிரிக்கல."

கேள்வி நேரத்தில் அமைச்சர் தோரா ஃபால்க் எழுதி வந்த பதிலை வாசித்தார். படகின் மின்சுமையைக் கருத்தில் கொண்டு, பயணிகளுக்குத் தானியங்கி வழியாகச் சிற்றுண்டி வழங்கப்பட்டுவருகிறது என்றார். கிழக்குப் பக்கம், கடலே இல்லாத ஊரில் பிறந்தவர் அவர். குன்வோர் துணைக்கேள்விக்கு எழுந்தார்.

"அமைச்சர் எப்பவாவது படகுல சுவேலே சாப்பிட்டிருக்காங்களா?"

அமைச்சர் தாளைப் புரட்டினார். அதில் விடை இல்லை. "என் நினைவுக்கு எட்டியவரை... இல்லை."

மேற்குக் கரை உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி முனகினார்கள். குன்வோர் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாகச் சொன்னார்: "பாவம், இத்தனை வருஷம் என்னத்தத் தின்னு வளந்துச்சோ!"

ஒலிவாங்கியைக் கீழே திருப்பியிருந்தும் அது நாடு முழுக்க ஒலிபரப்பானது. அவைத்தலைவர் சுத்தியலைத் தட்டினார். ரன்டி மாடத்தில் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அமைச்சரோ கெட்டிக்காரி. சாயங்காலமே, "நானே வந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன்" என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார்.

சொன்னபடியே வந்தார். அமைச்சரின் கறுப்புக் காரைப் படகில் முதல் ஆளாக ஏற்றி, முன்வரிசையில் நிறுத்தினார்கள். ஆஸ்லாக் புது ஏப்ரன் கட்டி, வாளி நிறைய மாவுடன் நின்றாள். குன்வோர் பழைய இரும்புக் கல்லைத் தன் கையாலேயே தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். கல் சூடேறியது. முதல் கரண்டி மாவு விழுந்தது. பட்டென்று ஃபியூஸ் போனது. விளக்கு அணைந்தது.

அரை இருட்டில் மாவு பச்சையாய்க் கிடந்தது. அமைச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதைத்தான் நாங்க எழுத்துல குடுத்தோம்" என்றார். ஆஸ்லாக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இந்த ஒரு கரண்டியோடு ஆஸ்லாக்கின் வேலையும் போகும், தன் வேலையும் போகும் என்று குன்வோருக்குப் பட்டது.

அப்போதுதான் மூலையில் தானியங்கி தெரிந்தது. செத்துப்போய் நின்றது. குன்வோர் மண்டியிட்டு, அமைச்சர் வருகைக்காக உடுத்திய தேசிய உடையின் வெள்ளிப் பொத்தான்கள் தரையில் உரச அதன் பின்னால் நுழைந்தார். சற்று நேரம் பூட்ஸ் கால்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது, நிச்சயம் கரைவரை கேட்டிருக்கும்: "பிளக்கைப் பிடுங்கிட்டேன்! இப்ப ஃபியூஸைப் போடு!"

விளக்கு வந்தது. கல் நின்று சூடேறியது. மாவு குமிழிவிட்டது. மாவை உப்பவைக்கும் அம்மோனியா உப்பின் நெடி மூக்கைத் துளைக்க, கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. அமைச்சர் முதல் கடி கடித்தார். தட்டை நீட்டி இன்னொன்று கேட்டார்.

பிறகு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். படகு அக்கரையைத் தொட்டது. யாரும் நகரவில்லை. கதவு திறந்தது. கரையில் காத்திருந்த கார்கள் ஹாரன் அடித்தன. காப்டன் ஒலிபெருக்கியில் கெஞ்சினார்: "முன்வரிசைக் கறுப்புக் காரோட ஓட்டுநர் உடனே காருக்கு வரவும்." ஓட்டுநர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார், அவருக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர்.

"ஏம்ப்பா, உன்னையத்தான் கூப்பிடுறாங்க" என்றார் தோர்கில்ஸ்.

"தெரியும். நீங்க நகருங்க."

கடைசியில் அமைச்சரே ஒரு கையில் சாவியும் ஒரு கையில் சுவேலேயுமாக இறங்கிப் போய்க் காரை எடுத்தார். பத்திரிகைப் படக்காரர் அந்த ஒரு நொடியைத்தான் பிடித்தார்.

கோடை முடியுமுன் உத்தரவு வந்தது: தானியங்கிக்குப் பதிலாக இரும்புக் கல், சோதனை முறையில். ஆஸ்லாக்குக்கு நிரந்தர வேலை.

அடுத்த வெள்ளிக்கிழமை குன்வோர் படகின் கூடத்துக்குள் நுழைந்தபோது, கல்லுக்கு மேலே சுவரில் பத்திரிகைப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. கையில் கார்ச் சாவியும் வாய் நிறையச் சுவேலேயுமாகத் தோரா ஃபால்க். கீழே கொட்டை எழுத்தில்: "நம் சுவேலேயை மீட்டுத் தந்தவர்."

"நல்ல பொம்பளை" என்றார் தோர்கில்ஸ், மென்றுகொண்டே. "சொன்னதச் செஞ்சா. நீயும் இருக்கியே, விளக்கு விளக்குன்னு."

"ஆமா" என்றார் குன்வோர்.

ஆஸ்லாக் சங்கடத்துடன் படத்தைக் காட்டி, "கம்பெனிக்காரங்க ஒட்டினது. எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? இருக்கட்டும்."

சுவேலேயை நின்றபடியே தின்று முடித்தார். படத்தின் ஒரு பக்கம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. குன்வோர் எட்டி, வெண்ணெய் வழியும் கட்டைவிரலை அமைச்சரின் மூக்கின் மேல் வைத்து, அது சுவரோடு ஒட்டும்வரை நன்றாக அழுத்தினார்.