இரண்டாம் பிரஸ் பற்றி நான் எழுதிய இரண்டு தாள்கள்

1. செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் இரண்டாம் பிரஸ் மிஷினில் கை உள்ளே போகாமல் காக்கும் கம்பித் தடுப்பு கழன்று விழுந்தது.
2. அதை ஓட்டிக்கொண்டிருந்த, நான் அண்ணன் என்று கூப்பிடும் தொழிலாளி மிஷினை நிறுத்தினார்.
3. சூப்பர்வைசர் வந்து ஓட்டச் சொன்னார். அண்ணன் மறுத்து ஏதோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
4. சூப்பர்வைசர் என்னிடம் வந்து, அண்ணன் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்.
5. நான் எழுதினேன். அண்ணன் அடியில் கையெழுத்துப் போட்டார்.
6. வெள்ளிக்கிழமை அண்ணனை சஸ்பெண்ட் செய்தார்கள்.

இதில் முதல் இரண்டு வரிகளில் இருப்பது, அன்று தாளை எழுதும்போது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டிப்ளமா முடித்து, காட்டுப்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். வேலை, தரச் சோதனைப் பிரிவில். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஷாப்பில் ஏதாவது தகராறு என்றால், தொழிலாளி சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மேனேஜருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. எழுதுகிற வேலை, ஆங்கிலம் சரளம் என்று பெயர் வாங்கியிருந்த எனக்கு வந்து சேர்ந்தது.

ஒருவர் பேசியதை இன்னொருவர் எடுத்துச் சொல்வது எப்படி என்று பாலிடெக்னிக்கில் பாடம் இருந்தது. 'ஹி செட் தட்' என்று தொடங்கு. 'நான்' என்பதை 'அவன்' ஆக்கு. 'இப்போது' என்பதை 'அப்போது' ஆக்கு. கூப்பிடும் சொற்களை விட்டுவிடு. இந்தப் பாடத்தில் நான் மார்க் இழந்ததே இல்லை.

சூப்பர்வைசர் அன்று என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: வேலை செய்ய முடியாதாம், என் கையை மிஷினில் வைக்கச் சொன்னான். நான் அதைப் பிழையில்லாமல் ஆங்கிலமாக்கினேன். தொழிலாளி வேலை செய்ய மறுத்ததாகவும், சூப்பர்வைசரின் கையை மிஷினில் வைக்கச் சொன்னதாகவும் எழுதினேன். ஆபீசில் அதை மிரட்டல் என்று படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார். என்னைவிட இருபது வயதாவது பெரியவர். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"இன்னாம்மா எழுதுன அதுல? நான் கையை ஒடிக்கப் போனேன்றாங்க."

"நீங்க படிச்சுப் பார்க்கலையாண்ணே?"

"இங்கிலீஷ்ல கீது. நீ எழுதுனதாச்சேன்னு போட்டேன்."

பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அன்று நிஜமாக என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "மாமே, கம்பி இல்லாம நான் கை வெக்க மாட்டேன். வேணும்னா நீ வச்சிக் காட்டு, நான் பாத்துக்கினு கீறேன்."

அவரும் சூப்பர்வைசரும் ஒரே வருடம் ஹெல்பராகச் சேர்ந்தவர்கள். மாமே என்றுதான் அத்தனை வருடமும் கூப்பிட்டு வந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் இருவரில் ஒருவர் சூப்பர்வைசர் ஆனார். எல்லோரும் சிரித்தது அந்தப் புது சூப்பர்வைசருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. ஆவடிக்குப் போக வேண்டிய சரக்கும் அன்று மாலைக்குள் கிளம்ப வேண்டியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. தன்னைச் சுட்டதை மட்டும் சொன்னார்.

மறுநாள், பக்கத்து மிஷின்களில் இருந்த இருவரிடம் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் அண்ணன் சொன்னதையே சொன்னார்கள். பிறகு இரண்டாவது தாளை எழுதினேன். முதலில் அண்ணன் பேச்சை அப்படியே தமிழில், கீழே ஆங்கிலம், அதற்கும் கீழே, முதல் தாள் நான் நேரில் கேட்காததை வைத்து எழுதியது என்று ஒரு வரி. அந்த வரியை எழுதத்தான் நேரம் பிடித்தது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகியிருக்கவில்லை.

கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். தலையைச் சொறிந்தார்.

"மாமேன்றதை எட்துடும்மா. ஆபீஸ்ல மரியாதை இல்லாம இருக்கும்."

"அது இருக்கட்டும்ணே. அது இருந்தாத்தான் நீங்க யாரோட எப்படிப் பேசுனீங்கன்னு தெரியும்."

மேனேஜர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, தடுப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டார். சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இல்லைதான் சார்."

அடுத்த புதன்கிழமை அண்ணன் வேலைக்குத் திரும்பினார். மரியாதைக் குறைவாகப் பேசியதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அது அவர் ஃபைலில் இருந்தது, நான் எழுதிய முதல் தாளும் இருந்தது. அந்தத் தாளை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார்கள். அதன் பிறகு சூப்பர்வைசரை அண்ணன் சார் என்றே கூப்பிட்டார்.