பாய்ப்படகின் ஸ்டியரிங்

முல்லைத்தீவுக் கரையில் வெள்ளைக்காரரின் பாய்ப்படகொன்று ஆளில்லாமல் ஒதுங்கிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும், அதைப் போய்ப் பார்க்காவிட்டால் பிறந்ததிலேயே பிரயோசனமில்லை என்று சித்தப்பா முடிவெடுத்துவிட்டார். வயலுக்குப் பசளை எறிய வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அது. உழவு இயந்திரத்தின் பெட்டியில் இருந்த பசளை மூட்டைகளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினார். அயலட்டைச் சனம் முழுக்க ஏறியது. அம்மா மட்டும் வரமாட்டேன் என்று நின்றா. குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவாவுக்குக் கடலென்றால் ஆகாது. இடம்பெயர்ந்து அந்தக் கரையில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த காலத்தில்கூட அலையில் கால் நனைத்ததில்லையாம். நான் பிடித்த அடத்தில்தான் வந்தா.

படகு மூக்கை மணலில் புதைத்து, பின்பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு சரிந்து கிடந்தது. மாரிக் கடல், பெரிய பெரிய அலைகள். நேவிக்காரர் காலையில் வந்து, ஒருவரும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அந்தச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏறினார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. படகின் பின்பக்கத்தில் ஸ்டியரிங் இருந்தது. சித்தப்பாவின் உழவு இயந்திர ஸ்டியரிங்கைப் போல மூன்று மடங்கு பெரிசு, வெள்ளிப் பாத்திரம் மாதிரிப் பளபளப்பு. அதற்குப் பின்னால் இருந்த ஆசனத்தில் ஏறிக் குந்தினேன். சித்தப்பா றோட்டில் ஓடும்போது ஒரு காலைத் தூக்கி மட்கார்டில் வைத்துக்கொள்வார். அந்தக் கெத்து எனக்கும் வேண்டியிருந்தது. இங்கே மட்கார்ட் இல்லாதபடியால் வலது காலை ஸ்டியரிங்கின் கம்பிகளுக்கு நடுவால் தொடைவரை விட்டேன்.

நிறுத்திவைத்த உழவு இயந்திரத்தின் ஸ்டியரிங் தானாகச் சுழலாது. எங்களுக்குத் தெரிந்த கல்வி அவ்வளவுதான். படகின் வாலில் தண்ணீருக்குள் ஒரு சுக்கான் இருக்கிறது, அலை அதைத் தள்ளினால் மேலே ஸ்டியரிங்கும் சுழலும் என்று வயல்காரர் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு அலை வந்தது. ஸ்டியரிங் சடாரென்று சுழன்று, அதன் கம்பிக்கும் முன்னால் நின்ற இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் என் தொடையை நெரித்துப் பிடித்துக்கொண்டது.

நான் போட்ட சத்தத்தில் பெட்டியைவிட்டு இறங்காமல் இருந்த அம்மா எப்படி மேலே வந்தா என்று தெரியாது. என் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. ஆண்கள் ஸ்டியரிங்கைப் பின்னுக்குத் திருப்பப் பார்த்தார்கள். அசையவில்லை. அடுத்த அலை அதை அவர்களின் கையிலிருந்து பறித்து இன்னும் இறுக்கியது.

"காலை வெட்டப் போறீங்களோ சித்தப்பா?"

"உனக்கென்ன விசரே? ஸ்டியரிங்கைத்தான் கழட்டப் போறன். எங்கட மெசின்ல எத்தினை தரம் கழட்டியிருக்கிறன்" என்றார். வார்த்தை வீரமாகத்தான் வந்தது. குரல் அப்படி இல்லை.

ஓடிப்போய் ஸ்பானரும் சுத்தியலும் எடுத்துவந்தார். நட்டு இளகியது. ஆனால் உப்புப் பிடித்து இறுகிய ஸ்டியரிங் தண்டைவிட்டு வரவில்லை. நட்டை முழுக்கக் கழற்றாமல் கடைசிப் புரியில் விட்டுவைத்தார்.

"கழட்டினால் பாய்ஞ்சு வந்து பிள்ளையின்ர முகத்தில அடிக்கும். ரெண்டு பேர் உங்கட பக்கம் இழுங்கோ. நான் நட்டில அடிக்கிறன்."

அவர்கள் இழுக்க, அவர் சுத்தியலை ஓங்க, அலை வந்துவிடும். ஸ்டியரிங் திமிறும். நான் கத்துவேன். அவர் கை நின்றுவிடும். திரும்பத் திரும்ப இதுவே நடந்தது. பாதம் விறைத்து நீலமாகிக்கொண்டு வந்தது.

"சுக்கானை ஆராவது பிடிச்சால்தான் சரிவரும்" என்றார் சித்தப்பா.

கரையில் நின்ற மீன்பிடிகாரர் ஒருவர் கையை விரித்தார். "இந்த அலையில ஏலாது அண்ணை. அடிச்சுதெண்டால் விலா எலும்பு மிஞ்சாது. வாடியில கயிறு கிடக்கு, எடுத்தாறன். கட்டிப் பிடிப்பம்." அவர் மணலில் ஓடத் தொடங்கினார். மீன்பிடிகாரர் தங்கும் அந்த வாடி கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் அம்மா தன் சட்டையைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தா.

"அம்மா, போகாதேங்கோ!"

திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனா. எனக்குக் கால் வலியைவிட அது வலித்தது.

அடுத்த அலை வந்து படகு முழுக்க ஆடியது. ஸ்டியரிங் ஒருமுறை நடுங்கியது, சுழலவில்லை. சித்தப்பா பின்பக்கமாக எட்டிப் பார்த்தார். பார்த்தவரின் முகம் செத்துப்போயிற்று. "இழுங்கோடா!" என்று கத்திக்கொண்டு வெறி பிடித்தவரைப்போல அடித்தார். இன்னொரு அலை. இன்னும் ஒரு அடி. ஸ்டியரிங் தண்டைவிட்டுப் பாய்ந்து வந்து நட்டில் முட்டி நின்றது. நட்டைக் கழற்றி ஸ்டியரிங்கைத் தூக்கி என் காலை எடுத்தார்கள். சனம் சித்தப்பாவைப் புகழ்ந்து தள்ளியது. அவரோ சுத்தியலை வீசிவிட்டுக் கடல் பக்கமாகக் குதித்தார்.

அம்மா தலைமுதல் கால்வரை நனைந்துபோய் வந்தா. நான் உயிர் போகக் கத்தியபோது கடலில் குளிக்கப் போயிருக்கிறா! அவாவோடு கதைக்கவில்லை. பெட்டியில் பக்கத்தில் இருக்கவும் இல்லை. வீடுவரை சித்தப்பாவின் மடியில்தான் வந்தேன்.

நெஞ்சளவு தண்ணீரில் சுக்கானை மாரோடு கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது அம்மாதான் என்று சித்தப்பா சொன்னபோது நான் கம்பஸ் படிப்பை முடித்து வந்திருந்தேன். பிள்ளை பயந்துபோகும், ஒருவரும் சொல்லக் கூடாது என்று அம்மா எல்லோர் வாயையும் கட்டிவைத்திருந்தாவாம். கேட்ட இடத்திலேயே இருந்து அழுதேன்.

அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? அடுத்த நாள் விடியற்காலை அம்மா குனிய முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றா. என்ன என்று கேட்டேன்.

"சிவலை இடிச்சுப்போட்டுதடி" என்றா.

சிவலை எங்கள் பசு. ஈ மொய்த்தாலும் தலையாட்டச் சோம்பற்படும். எனக்கு அதில் வந்த கோபத்துக்கு அளவில்லை. தடியோடு நொண்டிக்கொண்டு போய் அதற்கு முன்னால் நின்று வாயில் வந்தபடி ஏசினேன். அந்தக் கிழமை முழுக்க அதற்கு ஒரு பிடி புல்லும் நான் போடவில்லை. அம்மாதான் விலாவைப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டா.