புள்ளி விழாத தெரு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெஸ்டிங் பகுதியில் பதினாறு வருஷம் நின்றவள் வேறு எப்படி இருப்பாள்? ஒரு சாமான் பெயில் என்றால், காரணம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளை மூன்று நாள் ஆட்டிவைத்தது என் அக்கா வீட்டுத் தெரு.

சுங்கை பினாங்கில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு கம்பியில்லா வலையமைப்பு வைத்திருக்கிறோம். கம்பெனி கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது. எங்கள் பிளாட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டெனா. ஆற்று நீர் ஏறுவதை அளக்கிற சின்னப் பெட்டி சேதி அனுப்பினால், இது அதைப் பிடித்து எங்கள் போனுக்குத் தள்ளும். பெட்டி ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது. சிக்னல் நன்றாக எட்டுகிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை அதைப் பொருத்துவதாகப் பேச்சு.

அக்கா வீடு ஆற்றோரம், கீழ்வீடு. வானம் கறுத்தால் போதும், அரிசி மூட்டையையும் தையல் மெஷினையும் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, வாசலில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெட்டி அவள் தெருவுக்கு வந்தே ஆகவேண்டும் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

சிக்னல் எங்கெங்கே எட்டுகிறது என்று பார்க்கத் தீப்பெட்டி அளவில் ஒரு ஜிபிஎஸ் கருவி உண்டு. போகிற இடத்தையெல்லாம் அது சொல்லிக்கொண்டே போகும். ஆண்டெனாவுக்குக் கேட்டால், வரைபடத்தில் அந்த இடத்தில் பச்சைப் புள்ளி விழும். எனக்குப் பகல் ஷிப்டு. அதனால் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கும் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் நுழையாத சந்து கிடையாது. ஹேண்டிலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார்.

கேண்டீனில் உட்கார்ந்து போனைப் பார்த்தால், அடடா! பசார், கோயில், பள்ளிக்கூடம், எல்லாம் பச்சை. அக்கா தெரு மட்டும் வெறுமை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாளும். சாயங்காலம் மாடியேறி ஆண்டெனாவை உயர்த்திக் கட்டினேன், வயரை மாற்றினேன், வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சனிக்கிழமை லீவு. ரொட்டி அண்ணனை அக்கா தெருவிலேயே மறித்தேன்.

"அண்ணே, நெசமா சொல்லுங்க. தினமும் இந்தத் தெருவுக்குள்ள வர்றீங்களா இல்லையா?"

"என்னா தங்கச்சி இப்படிக் கேட்டுட்டே? உங்கக்கா வீட்டு வாசல்லதான்லா தினமும் ஒரு கப்பு தே ஓ குடிக்கிறேன்!" அவர் முகமே சுருங்கிவிட்டது.

"அப்ப சாமான் எங்க?"

ரொட்டிகளுக்கு நடுவே கையைவிட்டு ஒரு சதுர பிஸ்கட் டின்னை எடுத்தார். மூடியைத் திறந்து, துணியைப் பிரித்து, கருவியைப் பத்திரமாக நீட்டினார்.

"இங்க ரோடு ஒரே பள்ளம். பக்கத்துல ஆறு வேற. ஆடி ஆடித் தண்ணியில விழுந்துட்டா நீ என்னைய சும்மா விடுவியா? அதான் இந்தத் தெரு வந்தா மட்டும் டின்னுக்குள்ள வச்சு மூடிருவேன்."

அலாமாக்! தகர டின்னுக்குள் போட்டு மூடினால் எந்தச் சிக்னல் வெளியே வரும்? திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

கருவியை மறுபடி ஹேண்டிலில் கட்டினோம். பின்னால் நான் உட்கார ரொட்டி இடம் விடவில்லை. அவர் மெதுவாக ஓட்ட, நான் போனும் கையுமாகப் பின்னாலேயே ஓடினேன். ஒரு புள்ளி. இன்னொன்று.

"விழுதுண்ணே! விழுது!"

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்துவிட்டாள். அவள் வாசலிலும் புள்ளி விழுந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

"பைத்தியம் பிடிச்சிருச்சாடி உனக்கு?" என்றாள்.

மறுநாளே அவள் வீட்டுக்கு எதிரே ஆற்றுச் சுவரில் பெட்டியைப் பொருத்தினோம். தண்ணீர் ஏறினால் அவள் போன் கத்தும்படி செய்துவைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மழை கொட்டியது. தொழிற்சாலையிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். நாலாவது தடவை கரகரத்த குரல் கேட்டது.

"என்னக்கா பண்றே? மழை கொட்டுதே!"

"தூங்கிட்டிருந்தேன்டி. பெட்டிதான் ஒண்ணும் சொல்லலியே."

மழை நேரத்தில் என் அக்கா தூங்கி நான் கேட்டதே இல்லை. சுற்றி ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.