மேசையில் வைத்த உப்பு

அந்நிய மொழி இலக்கணம் படிப்பிப்பவருக்குத் தலையிடிக்குத் தனியாகக் காரணம் வேண்டாம். படித்து நொந்துபோன உங்களுக்கு இது தெரியும். யுத்த காலத்தில் மட்டக்களப்பில், இத்தாலிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு நான் இத்தாலிய மொழியைப் படிப்பித்தேன். அங்கே மூன்று வருஷம் பாத்திரம் கழுவியதுதான் என் தகுதி.

ஆரையம்பதி யோகம் அக்காவும் வந்தார். வாவியில் மீன்பிடிக்கத் தடை. புருஷனின் தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது. மிலானில் ஒரு அம்மணி தன் தாயைப் பராமரிக்க ஆள் தேடினாள். தொலைபேசியில் பேசிப் பார்த்துப் பிடித்தால்தான் விசாவுக்குப் பேப்பர் அனுப்புவாள். மூன்று பிள்ளைகளின் சோறு அந்த ஒரு அழைப்பில் இருந்தது.

உப்புப் பாடம்

‘அவருக்கு’, ‘அதை’ இரண்டையும் ஒட்டி ‘லியேலோ’ என்று ஒரே சொல்லாக்கிவிடுவார்கள் இத்தாலியர். ஒரு பொருளைக் கைமாற்றிக்கொண்டே சொன்னால்தான் மண்டையில் ஏறும். அன்று அகப்பட்டது உப்புப் பைக்கற். யோகம் அக்கா அதைப் பக்கத்திலிருந்தவரின் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் மேசைதான். மூடநம்பிக்கை என்று ஏசினேன்.

“கையில உப்புக் குடுத்தா சண்டை வரும் ரீச்சர். இங்க நடக்கிற சண்டை காணாதா?”

கொப்பி

சோதனைச் சாவடியில் யோகம் அக்காவின் பாடக் கொப்பி பிடிபட்டது. தமிழ் எழுத்து, ஆனால் தமிழில்லை: ‘மெ லோ, தெ லோ, லியேலோ.’ சங்கேதம் என்று சந்தேகப்பட்டார்கள். வெயிலில் நின்று முழுப் பாடத்தையும் ஒப்புவித்தார் யோகம் அக்கா. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மனுஷன் எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும்.

“போங்க அம்மா. இதப் படிக்கிறதே தண்டனதானே.”

அழைப்பு

தொலைபேசி நிலையத்தில் நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மா பால் கேட்டால், தேநீர் கேட்டால் என்று அம்மணியின் கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் சரியாக ‘லியேலோ டோ’, அவருக்கு அதைக் கொடுப்பேன், என்றார். “அம்மா உப்புக் கேட்டால்?” யோகம் அக்கா தயங்கினார். பிறகு, “இல்லை. மேசையில் வைப்பேன்” என்றார், இத்தாலிய மொழியிலேயே. மறுமுனையில் அம்மணி வாய்விட்டுச் சிரித்தாள்.

“எங்கள் நாட்டிலும் அது ஆகாது. என் அம்மாவும் உப்பைக் கையில் வாங்கமாட்டாள். பேப்பர் அனுப்புகிறேன், வா.”

அந்த நாட்டு அடுப்படியிலேயே மூன்று வருஷம் நின்றும் சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒருநாளும் போகாத இந்த ரீச்சரின் பேச்சைக் கேட்காததற்காக, யோகம் அக்காவுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.