தாம்பாளத்தின் கீழ் இருந்த விரிப்பு

2023 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் கோமதி வைத்திருந்த கொலுவைப் பார்க்க அவளுடைய அலுவலகப் பெண்கள் இரண்டு ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். அன்று கோமதிக்கு ஐம்பத்தேழு வயது. மத்திய அரசில் முப்பத்து மூன்று வருட சர்வீஸ். அதுவரை அலுவலகத்தில் அவள் சொன்ன பெரிய பொய் எது என்று தேடினால், லீவு லெட்டரில் எழுதிய காய்ச்சலைத் தாண்டி எதுவும் கிடைக்காது. அன்று மாலை அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள். "மைனே." நான்தான் என்று அர்த்தம்.

கேட்டவர் கன்வல்ஜித் கௌர், அதே செக்‌ஷனில் பக்கத்து மேஜைக்காரர். கொலுவுக்கு முன்னால் ஒரு சின்ன முக்காலியில் வெற்றிலை பாக்குத் தாம்பாளம் இருந்தது. தாம்பாளத்தின் அடியில் வெள்ளை நூலில் பின்னிய வட்ட விரிப்பு ஒன்று. வரிசை வரிசையாகச் சிப்பி வடிவப் பின்னல்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொடங்கியதால் சிப்பிகள் எல்லாம் சேர்ந்து நடுவிலிருந்து சுழன்று சுழன்று வெளியே வருவதுபோல் இருக்கும். கன்வல்ஜித் பொம்மைகளை ஒரு சுற்றுப் பார்த்து முடித்துவிட்டு, இந்த விரிப்பிடம் வந்து நின்றுவிட்டார். குளிர்காலம் முழுக்க கையில் ஊசியோடு இருப்பவர் அவர். ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, இதை யார் போட்டது என்று கேட்டார்.

அந்த நேரத்தில் அடுக்களையிலிருந்து சுண்டல் தட்டோடு வந்துகொண்டிருந்தார் கோமதியின் கணவர் மகாதேவன். விரிப்பைப் போட்டவர் அவர்தான்.

மகாதேவன் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். வடக்கே ஒரு முகாமில் லாரியின் பின்கதவு விழுந்து அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் நசுங்கிப் போயின. அவருக்கோ எல்லாமே இடது கை. பள்ளிக்கூடத்தில் அடித்து எழுத்தை மட்டும் வலது கைக்கு மாற்றியிருந்தார்கள். சுத்தியல் பிடிப்பது, பந்து எறிவது, சவரம் செய்வது எல்லாம் இடதுதான். ராணுவ ஆஸ்பத்திரியில் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், முதலில் களிமண்ணைப் பிசையச் சொன்னார், பிறகு ஒரு குரோஷா ஊசியையும் நூல்கண்டையும் கையில் கொடுத்தார். வார்டே சிரித்தது. விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கின; அதன் பிறகும் ஊசியை அவர் கீழே வைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

கோமதிக்கு அது பிடிக்காமல் போனது கரோல் பாகில் வாடகைக்கு இருந்தபோது. அவர் பால்கனியில் உட்கார்ந்து பின்னுவதை வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு மாடிப்படி முழுக்கச் சொல்லி வைத்தாள். மதராஸி வீட்டில் பெண் ஆபீஸுக்குப் போகிறாள், ஆண் உட்கார்ந்து பின்னுகிறான். ஒருநாள் காய்கறி வண்டியருகே யாரோ, "பாய் சாப், என் ஸ்வெட்டர் எப்போ ரெடியாகும்?" என்று கேட்க, நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மகாதேவனும் சிரித்தார். கோமதியால் முடியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. அழைப்பு மணி அடித்தால் அவள் கண் முதலில் நூல்கூடைக்குப் போகும். நாளடைவில் அவள் பார்க்கவே வேண்டியதில்லை என்றாயிற்று. மணி அடித்ததும் மகாதேவனே காலால் கூடையை திவானுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்க் கதவைத் திறப்பார்.

வீடு மாறியும் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஆகவே கன்வல்ஜித் கேட்டபோது யோசிக்க ஒன்றுமே இல்லை. கூடையைத் தள்ளுவதுபோல அந்தச் சொல்லும் தானாக வந்துவிட்டது. மைனே. திரும்பினால் பக்கத்தில் மகாதேவன், தட்டோடு. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "லீஜியே," என்று முதல் கிண்ணத்தைக் கன்வல்ஜித்திடம் நீட்டினார்.

மறுநாள் அவர் கூடையை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தீபாவளி வந்து போயிற்று. கூடை திவானுக்கு அடியிலேயே கிடந்தது. கோமதி பெருக்கும்போது துடைப்பம் அதில் இடிக்கும். எடுத்து வெளியே வைக்கலாமா என்று நினைப்பாள். வைத்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று, சுற்றிப் பெருக்கிவிட்டு எழுந்துவிடுவாள்.

அலுவலகத்தில் கதை வேறு திசையில் போனது. லோதி ரோடு அலுவலகங்களில் குளிர்காலம் வந்தால் மதிய உணவு இடைவேளையில் பெண்கள் எல்லோரும் புல்வெளிக்கு வந்துவிடுவார்கள். வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஸ்வெட்டரும் மஃப்ளரும் பின்னுவார்கள். இத்தனை வருடமும் கோமதி அந்த வட்டத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள். உங்கள் ஊரில் குளிரே கிடையாது, உனக்கு எதற்குப் பின்னல் என்று கேலி செய்வார்கள். கேலி செய்துவிட்டு, நூல் உருண்டையைச் சுற்றித் தரும் வேலையை அவளிடம் கொடுப்பார்கள். இந்த வருடம் அவளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. நவம்பரில் வெயில் இதமான முதல் நாளே கன்வல்ஜித் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார்: டிசம்பரில் கோமதி ஜி நமக்கு அந்தச் சிப்பியைச் சொல்லித் தருவார், அந்த விரிப்பையும் கொண்டுவருவார்.

மறுத்திருக்கலாம். கண் சரியில்லை, கழுத்து வலி என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நடு இடம் அவளுக்குப் பிடித்திருந்தது. அன்று மாலை பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். அதில் வந்த விரல்கள் கண் சிமிட்டுவதற்குள் நான்கு சிப்பிகளைப் போட்டுவிட்டன. வேறு வழி தெரியவில்லை.

"எனக்கு அந்தச் சிப்பி போடுததைக் கொஞ்சம் சொல்லித் தாங்க," என்றாள் வீட்டில்.

மகாதேவன் டிவியை நிறுத்தினார். எதற்கு என்று அவர் கேட்பார் என்று தயாராக இருந்தாள். அவர் கேட்கவில்லை. குனிந்து கூடையை இழுத்தார். மேலே படிந்திருந்த தூசியை ஊதினார்.

"எதிர்ல உக்காரு. கண்ணாடி பாக்குத மாதிரி என்னைப் பாத்துச் செய். எனக்கு இடது, உனக்கு வலது. அவ்வளவுதான்."

சொல்லிக் கேட்க அது சுலபம். சங்கிலி போட வேண்டும், அதை வளையமாக மூட வேண்டும், பிறகு கண் என்கிற ஒரே துளைக்குள் ஐந்து தடவை ஊசியை விட்டு எடுத்தால் ஐந்தும் விசிறிபோல விரிந்து ஒரு சிப்பி ஆகும். கோமதிக்கு முதல் தடவையே மாட்டிக்கொண்டது. இரண்டாவதில் ஊசி உள்ளே போகவே இல்லை. வருடக்கணக்காக ஃபைல் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்ட விரல்கள். நூல் கையில் கிடைத்ததும் இறுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தன.

"இழுக்காத. ஃபைல் கட்டுதியா என்ன? நூலு எங்கயும் ஓடிராது."

தளர்த்தினால் சிப்பி தொங்கியது. இறுக்கினால் சுருங்கியது. வரிசையின் கடைசிக் கண்ணை ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டாள். அது எங்கே ஒளிந்துகொள்கிறது என்றே அவளுக்குப் புரியவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் பின்னியது தட்டையாகப் படியாமல் நான்கு பக்கமும் மேலே எழும்பி நின்றது. மகாதேவன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்ல. இதுல சுண்டல் போட்டுக் குடுக்கலாம்," என்றார்.

விளையாட்டாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கோமதி பார்க்கவில்லை. நூலைப் பிரித்து முதலிலிருந்து தொடங்கினாள். இதை இப்போதே பேசிவிடலாம், மன்னிச்சிருங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் சொல்லிவிட்டால் டிசம்பர் என்ன ஆவது? முதலில் அது முடியட்டும் என்று தள்ளிவைத்தாள். அப்படி வைத்தது அவளுக்கே கேவலமாக இருந்தது. ஊசியை மட்டும் கீழே வைக்கவில்லை.

டிசம்பர் பிறந்தபோது அவளுக்குச் சிப்பி வந்துவிட்டது. அழகு என்று சொல்ல முடியாது. சிப்பி என்று சொல்லலாம். சின்னதாக ஒரு வட்டம் தட்டையாகப் படிந்தது. மகாதேவன் கையால் தடவிப் பார்த்துவிட்டு, போதும், போய்க் காட்டு என்றார்.

புல்வெளியில் கன்வல்ஜித் தன் சால்வையையே நடுவில் விரித்தார். கோமதி பெரிய விரிப்பை மாதிரிக்காக அதில் பரப்பி வைத்து, தான் பாதி போட்ட சின்ன வட்டத்தைக் கையில் எடுத்து, இந்தியில் சொல்லிக்கொண்டே பின்னிக் காட்டினாள். இழுக்காதீர்கள், நூல் எங்கும் ஓடிவிடாது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யாருடைய வார்த்தை அது என்று அவளுக்கு மட்டும் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது.

சின்ன வட்டத்தை வாங்கிப் பார்த்த கன்வல்ஜித் அதைப் பெரிய விரிப்பின் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோமதி ஜி, இது ஒரு பக்கமா சுத்துது. நீங்க இப்ப போட்டது எதிர்ப்பக்கமா சுத்துதே?"

கோமதி குனிந்து பார்த்தாள். உண்மைதான். பெரியதில் சிப்பிகள் கடிகார முள் போகிற பக்கம் ஓடின. அவளுடையதில் அதற்கு நேர் எதிராக ஓடின. இத்தனை நாள் இரண்டும் ஒரே கூடையில் கிடந்தும் இது அவள் கண்ணில் பட்டதில்லை.

"பெரிசைத் திருப்பிப் போட்டிருக்கேன் போல," என்றாள். இது இரண்டாவது பொய்.

கன்வல்ஜித் பெரிய விரிப்பைப் புரட்டினார். இப்போது இரண்டும் ஒரே பக்கம் சுழன்றன. ஆனால் புரட்டிய பக்கத்தில், நடுவில், நூலின் நுனியைச் செருகி மறைத்த இடம் தெரிந்தது. பின்னத் தெரிந்த யாருக்கும் அது பின்பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. கன்வல்ஜித் அதை மெதுவாகத் திரும்பவும் நேராக்கி வைத்தார். இது இடது கைக்காரர் போட்டது என்றார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. கணக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

கோமதி கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். வட்டத்தில் யாரும் பின்னவில்லை.

"என் வீட்டுக்காரர் போட்டது," என்றாள்.

கோடியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "ஃபௌஜியா, பட்டாளத்துக்காரரா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள். கரோல் பாகில் கேட்ட அதே சிரிப்பு. இத்தனை வருடம் கூடையைத் தள்ளியது இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான். இப்போது அது வந்து, வந்த வேகத்தில் போயும் விட்டது. இன்னொருத்தி அவளை முழங்கையால் இடித்து அடக்கினாள். அவ்வளவுதான் அது.

கன்வல்ஜித் சிரிக்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"அன்னைக்கு அவர் தட்டோட உங்க பக்கத்துலயேதானே நின்னார்?"

கோமதி ஆமாம் என்று தலையசைத்தாள். அதற்குள் இடைவேளை முடிந்து எல்லோரும் புடவையிலும் சல்வாரிலும் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அவள் விரிப்பை மடித்துப் பையில் வைத்தாள். மதியம் முழுக்க மேஜையிலிருந்து தலை நிமிராமல் வேலை பார்த்தாள். டீ வந்தது, ஆறியது.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொன்னாள்.

"கண்டுபிடிச்சிட்டாங்க. நீங்க போட்டதுன்னு சொல்லிட்டேன்."

மகாதேவன் ஜன்னலருகே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "சுத்து மாறுததை வச்சா?" என்று கேட்டார்.

அவள் பையை இறக்கி வைத்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"பின்ன? இடது கை போடுதது வேற பக்கம்தான் சுத்தும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நீயும் அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லா?"

கோமதி திவானின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மன்னிச்சிருங்க என்ற வார்த்தையை வழியெல்லாம் தயார் செய்து கொண்டுவந்திருந்தாள். அதைச் சொன்னாள். சொன்ன பிறகும் அது போதவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. மகாதேவன் நறுக்கிய பீன்ஸை ஒதுக்கி வைத்தார்.

"மணி அடிக்கும்போதெல்லாம் கூடையத் தள்ளுனது என் காலுதான். உன்னை மட்டும் சொல்லி என்ன," என்றார். பிறகு, "சிரிச்சாளுகளா?" என்று கேட்டார்.

"ஒருத்தி."

"ஒருத்திதானா," என்றார், கொஞ்சம் ஏமாந்ததுபோல. கோமதிக்குச் சிரிப்பு வந்தது; கண்ணீரும் வந்தது. இரண்டையும் அவருக்குக் காட்டாமல் எழுந்து முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது போன் அடித்தது. கன்வல்ஜித். கோமதியோடு அதிகம் பேசவில்லை. வெளியாட்களை அலுவலகப் புல்வெளிக்கு வரவிட மாட்டார்கள், அதனால் அண்ணனிடமே சிப்பி கற்றுக்கொள்ள நாங்கள் வீட்டுக்கு வரலாமா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கோமதி போனை அப்படியே மகாதேவன் கையில் கொடுத்தாள். அவர் எழுந்து நின்று, ராணுவத்துக் குரலில், சரி என்று சொன்னார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு கன்வல்ஜித்தும் இன்னும் இரண்டு பேரும் வருகிறார்கள். அதில் ஒருத்தி அன்று சிரித்தவள். ஊசி அவரவர் கொண்டுவர வேண்டும். நூலை மகாதேவன் வாங்கி வைத்துவிட்டார்.