சோபாவுக்கு ஒரு மாவுக்கட்டு

கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் போடுவது அவள் வேலை. சுவர், கதவு, படிக்கட்டு, கழிவுநீர்க் குழாய் போகும் பாதை என்று எல்லாவற்றையும் கணினியில் கோடுகளாக்கிக் கொடுப்பாள். அவள் போட்ட படத்தை நம்பி மேஸ்திரி யோசிக்காமல் கல் வைப்பார். முப்பது வயதைத் தாண்டியபோது அந்தக் கோடுகள் அவளுக்கு அலுத்துப்போயின. மாலை நேர ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள்.

"இப்போ மட்டும் என்ன பண்ணிட்டிருக்க? வரைஞ்சிட்டுத்தானே இருக்க?" என்று அம்மா கேட்டாள்.

ஓர் அச்சகத்தின் மாடியில் வகுப்பு நடந்தது. ஆசிரியை ஒரு சிற்பி; அவளைவிட வயதில் சின்னவள். தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் வெள்ளைத்தூள் ஒட்டியிருக்கும். முதல் நாளே தரையில் பெரிய தாள்களை விரித்து, ஆளுக்கொரு நீளக் குச்சியைக் கையில் கொடுத்தாள். குச்சியின் நுனியில் கரித்துண்டு கட்டியிருந்தது. நின்ற இடத்திலிருந்தே எதிரில் இருக்கும் நாற்காலியை வரைய வேண்டும்.

குச்சி ஆடியது. கோடு புழு மாதிரி நெளிந்தது. அவள் கை தானாகக் குச்சியில் கீழே கீழே இறங்கி, கடைசியில் குனிந்து கரித்துண்டையே பிடித்துவிட்டது.

"கைய மேல கொண்டு போங்க" என்றாள் ஆசிரியை.

"கோடு ஆடுதே, மேடம்."

"ஆடட்டும்."

ஏன் ஆட வேண்டும் என்று ஏதாவது விளக்கம் வரும் என்று காத்திருந்தாள். ஆசிரியை அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

அதன்பின் வந்த வகுப்புகளும் அப்படித்தான். தாளைப் பார்க்காமல் தன் கையைத் தானே வரைவது. துணிப்பைக்குள் இருக்கும் பொருளைத் தொட்டுப் பார்த்து அதன் உருவத்தைப் போடுவது. தாள் முழுவதும் கரியை அப்பிவிட்டு, அழிப்பானால் வெளிச்சத்தை மட்டும் வெளியே எடுப்பது. பக்கத்தில் நின்று வரைந்தவர் ஒரு பேக்கரிக்காரர். தன் படத்தைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதே நாற்காலியை ஸ்கேல் வைத்து ஒழுங்காக வரைந்து பார்த்தாள். வகுப்பிலும் ஒருநாள் பழக்க தோஷத்தில் ஸ்கேலை வெளியே எடுத்துவிட, அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் 'ஸ்கேல் அக்கா' ஆனாள்.

வரைதல் முடிந்து சிற்பம் தொடங்கியதும் ஆசிரியை ஒரு வேலை கொடுத்தாள். "வீட்டுல இருக்கற பொருளச் செய்ய வேணாம். அந்தப் பொருளுக்குள்ள இருக்கற காலி இடத்த பிளாஸ்டர்ல எடுத்துட்டு வாங்க."

பேக்கரிக்காரர் பழைய ரொட்டி அச்சு ஒன்றில் பிளாஸ்டரை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. பானைக்குள் இருக்கும் இடமும் காலணிக்குள் இருக்கும் இடமும் யாருக்கும் தோன்றக்கூடியவை. ஒருநாள் மாலை அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, அவர் உட்கார்ந்திருந்த இடம் கண்ணில் பட்டது.

அப்பா லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, கூடத்து சோபாவில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார்; பிறகு அந்த இடத்தை மாற்றவே இல்லை. ஆள் எழுந்த பிறகும் பள்ளம் எழுவதில்லை. அம்மா எத்தனையோ முறை தட்டிக்கொட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

பெற்றோர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கரிக்காரரை உதவிக்கு அழைத்தாள். சோபாவின்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்துப் பள்ளத்தோடு ஒட்ட அழுத்தினார்கள். வாளியில் பிளாஸ்டரைக் கரைத்தார்கள். அவள் நிதானமாகக் கட்டிகளைத் தேடிக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இது மாவு மாதிரி இல்லக்கா. நமக்காகக் காத்திருக்காது. ஊத்துங்க" என்றார் அவர்.

ஊற்றினார்கள். பிளாஸ்டர் இறுக இறுகச் சூடானது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். யாரோ சற்றுமுன் எழுந்துபோன இடம் போல இருந்தது. பிளாஸ்டிக் தாளில் ஒரு கிழிசல் இருந்தது இருவருக்கும் தெரியவில்லை. தூக்கியபோது சோபாவின் துணியும் ஒரு பிடி பஞ்சும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்தன. பேக்கரிக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆள் இல்லை. இருந்தாலும் அன்று கொஞ்சம் சீக்கிரமே கிளம்பினார்.

அம்மா வந்து வாசலிலேயே நின்றாள். "சோபாவுக்கு மாவுக்கட்டா? அதுக்கு எங்க உடஞ்சுது?"

அப்பா கிழிந்த துணியைப் பார்த்தார், வெள்ளைக் கட்டியைப் பார்த்தார். "நான் எங்க உக்கார்றது?" என்று மட்டும் கேட்டார். அவள் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரம் போட்டாள்.

வகுப்பில் கட்டியைக் கவிழ்த்து வைத்ததும் பள்ளம் மேடாகிவிட்டது. எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள். ஓரங்களை அவள் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருந்தாள். அது தேவையில்லாத வேலை என்றும், ஒட்டிக்கொண்டிருந்த துணிதான் நன்றாக இருக்கிறது என்றும் ஆசிரியை சொன்னாள். பிறகு குனிந்து, மேட்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"உங்கப்பா ஒரு பக்கமா சாஞ்சு உக்காருவாரா?"

"இல்லையே."

"இங்க வந்து தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் நன்றாக எழும்பியிருந்தது. மறுபக்கம் பேருக்குத்தான் மேடு. ஊற்றும்போது ஏதாவது நகர்ந்திருக்கும் என்றார் பேக்கரிக்காரர். அவளோ, எந்தப் பக்கம் ஜன்னல், எந்தப் பக்கம் கை வைக்கும் கட்டை என்று மனதுக்குள் கட்டியைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கவனித்தாள். வரைவதற்காகப் பார்ப்பதுபோல, தாள் இல்லாமல் பார்த்தாள். நாற்காலியில் வலது காலை நீட்டிவைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் இடது பக்கம் போட்டிருந்தார். எழும்போது இடது கை ஜன்னல் விளிம்பைத் தேடியது. வாசல்படியில் எப்போதும் இடது கால்தான் முதலில் ஏறியது. தினமும் பார்க்கிற ஆள்தான். எந்த வீட்டுக் கதவு எவ்வளவு அகலம் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வாள். இது மட்டும் அவள் கண்ணில் படவே இல்லை.

"அப்பா, வலது பக்கம் வலிக்குதா?"

"யார் சொன்னா?"

"சோபா சொல்லிச்சு."

அவர் தொலைக்காட்சியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வண்டி ஓட்டுன இடுப்பு. அப்படித்தான் இருக்கும்."

"ரொம்ப நாளாவா?"

"உங்கம்மாகிட்ட சொல்லாத."

"என்கிட்ட என்ன சொல்லக் கூடாது?" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அதற்குப்பின் அப்பாவின் பேச்சு எடுபடவில்லை. மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, வலது இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார். இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், பிறகு தேவைப்படலாம். உடற்பயிற்சி செய்ய வேண்டும், ஒரு கைத்தடி வைத்துக்கொள்ள வேண்டும். தடியை இடது கையில் பிடிக்க வேண்டும்.

"வலி வலது பக்கம். குச்சி இடது கையிலயா? டாக்டருக்கே பக்கம் தெரியல போலிருக்கு" என்று அப்பா வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தார். ஆனால் இடது கையில்தான் பிடித்து நடந்தார்.

அவளுக்குப் பெருமையாக ஒன்றும் இல்லை. நடந்ததை எந்த இடத்தில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சில நாள் வகுப்பில் சும்மா இருந்தாள். பிறகு அப்பா நடப்பதை வரையத் தொடங்கினாள். நிறைய வரைந்தாள். எதுவும் நேராக வரவில்லை. ஒன்றை அவரிடம் காட்டியபோது, "கோணலா இருக்கேம்மா" என்றார். "நீங்க அப்படித்தாம்ப்பா நடக்கறீங்க" என்றாள். அவர் படத்தைத் தூரத்தில் பிடித்து இன்னொரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆண்டு முடிவில் மாணவர்களின் வேலைகளை அதே மாடியில் பார்வைக்கு வைத்தார்கள். அவளுடைய கட்டி தாழ்வான ஒரு பலகைமேல் இருந்தது. அம்மா சோபா விஷயத்தை இன்னும் மறக்காததால் வரவில்லை. அப்பா வந்தார். படிகளில் நின்று நின்று ஏறினார்.

பார்வையாளர் ஒருவர் கட்டியைச் சுற்றி வந்து, பக்கத்தில் நின்ற அப்பாவிடம், "மலை மாதிரி இருக்குல்ல?" என்றார்.

"இடுப்புங்க" என்றார் அப்பா.

"யாரோடது?"

"என்னோடதுதான்."

அவர் கட்டியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அப்பாவை உட்காரவைத்தாள். அவர் கைத்தடியை முட்டியில் சாய்த்துக்கொண்டு வருவோர் போவோரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி அவளைக் கூப்பிட்டார்.

"அந்தப் பச்சைப் புடவைக்காரம்மாவப் பாரு. ஒரு தோள் இறங்கியிருக்கு."

பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது. ரொம்ப நாளாக ஒரே தோளில் பை மாட்டியிருக்க வேண்டும். அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கை அணைக்க ஆள் வரும்வரை, இருவரும் உள்ளே வந்தவர்கள் எப்படி நிற்கிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.